தளிரின் சோகை

மஞ்சள் நிறத்தோடு தமிழர்க்கு உள்ள உறவு சற்றே விசித்திரமானது. நாள்பார்த்துச் செய்யும் எந்தக் காரியத்துக்கும் மளிகைப் பட்டியலில் முதலில் எழுதுவது மஞ்சள். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் தடவுவது மஞ்சள். அதே நிறம் வெண்விழியில் தெரிந்தால் காமாலை, முகத்தில் வெளிறித் தெரிந்தால் சோகை, பிரிவில் வாடும் தலைவியின் மேனியில் தெரிந்தால் பசலை. இந்தக் கடைசி நோய்க்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். 'பசப்புறு பருவரல்' என்ற அந்த 119ஆம் அதிகாரத்தை நாங்கள் இருவரும் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தவர்கள். பின்னொரு காலத்தில், மடிப்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடியில், கறிவேப்பிலைத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, பசப்பு எந்த இலையில் தொடங்கி எந்த இலைக்குப் போகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வோம் என்று அன்றைக்கு யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இலை மஞ்சளாவது என்பதைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் எங்கிருந்தோ வந்து இலையின்மேல் படிவதில்லை. அது முன்பே அங்கே இருக்கிறது. கரோட்டினாய்டுகள் என்னும் மஞ்சள் நிறமிகள் பச்சையத்தோடு கூடவே இலைக்குள் குடியிருக்கின்றன. பச்சை ஓங்கியிருக்கும்வரை அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பச்சை விலகும்போது மஞ்சள் வெளிப்படுகிறது. ஆகவே 'இந்த மஞ்சள் ஏன் வந்தது' என்று கேட்டால் விடை கிடைக்காது. 'பச்சை ஏன் போனது' என்று கேட்க வேண்டும். ஒருவேளை அது போகவே இல்லை, உருவாகவே இல்லை என்பதும் விடையாக இருக்கலாம். எங்கள் செடிக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர எங்களுக்கு ஒரு கோடை முழுவதும் ஆனது.

அந்தச் செடியைப் பற்றி. மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த வீடு 2017இல் விலைபோயிற்று. அந்த வீட்டில் தனியாக இருந்தவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. (இந்தக் கட்டுரையில் அம்மா என்றே எழுதிவிடுகிறோம், அத்தைக்கும் அதில் வருத்தம் இருக்காது.) சென்னைக்குக் கிளம்பியபோது அவர் பாத்திரங்களை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டார், ஊஞ்சல் பலகையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து கிளம்பியிருந்த பக்கக்கன்று ஒன்றை மட்டும் தாய்மண்ணோடு தோண்டி, பழைய பெயிண்ட் வாளியில் வைத்து, காரின் பின்னிருக்கையில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வாளி சாயாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் மறுநாள் அவருக்கு கை வலி.

அந்த மரத்தைப் பற்றி அம்மா சொல்லும்போது மனிதர்களைப் பற்றிச் சொல்லும் தொனி வந்துவிடும். அவருடைய மாமியார் காலத்து மரம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கறிவேப்பிலை அதிலிருந்துதான் போகும். 2019 தை மாதத்தில் ஊரிலிருந்து வந்த ஒருவர், வீட்டை வாங்கியவர் கார் நிறுத்தக் கொட்டகை போடுவதற்காக அதை வெட்டிவிட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாடிக்குப் போய் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவது காலையில் ஒரு தடவை என்பது மாறி மூன்று தடவை ஆயிற்று.

மாசி கழிந்து பங்குனியில் தளிர்கள் வெளிறத் தொடங்கின.

சென்னையின் 2019ஆம் ஆண்டுக் கோடையை அனுபவித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் கொண்டுவந்தார்கள்; முதல் ரயில் ஜூலை 12ஆம் தேதி வந்தது. குழாய்த் தண்ணீர் நின்றுபோய், எங்கள் அடுக்ககத்தில் எல்லாத் தேவைக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். வாளியின் உட்புறத்தில் வெள்ளைச் சுண்ணப் படலம் சுரண்டினாலும் போகாது. சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தென்னைநார் ஆகிவிடுகிறது என்று நகரமே புலம்பிக்கொண்டிருந்த நாட்களில், தொட்டிச் செடிகளுக்கும் அதே தண்ணீர்தான் என்பதை யாரும் பேசவில்லை. மனிதருக்கே இல்லாதபோது செடிக்கு என்ன கேடு என்பது நியாயமான எண்ணம்தான். அம்மா காய்கறி கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து அந்தத் தொட்டிக்கு ஊற்றிவந்தார்.

இலை மஞ்சளானால் ஆலோசனைக்குப் பஞ்சமிருக்காது. எதிர் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, தண்ணீர் அதிகம் என்றார். அவர் மனைவி, தண்ணீர் போதவில்லை என்றார். சாலையோர நாற்றங்கால்காரர் செடியைப் பார்க்காமலேயே "சத்து பத்தல சார், டி.ஏ.பி. போடுங்க" என்று ஒரு கைப்பிடி கறுப்பு மணிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வேறொருவர் எப்சம் உப்பு. இன்னொருவர் துருப்பிடித்த ஆணிகளை மண்ணில் புதைக்கச் சொன்னார். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினால் நோய் சொல்லும் செயலி ஒன்று எங்கள் செடிக்கு ஒரே நாளில் மூன்று நோய்களைச் சொன்னது. மூன்றாவது நோய் வாழைக்கு வருவது.

அம்மாவின் முடிவு வேறாக இருந்தது. "மண்ணு மாறினா மனுசங்களுக்கே ஒத்துக்க மாட்டேங்குது. செடி என்ன பண்ணும்? அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, அங்க மரம் இல்லன்னு." இதற்குப் பிறகு அவர் மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது. கடையில் வாங்கிய கறிவேப்பிலை தாளித்த ரசத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மோரை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு வயதுக்குத் தக்க உடல்நிலைதான் என்றார். எங்களுக்கு அந்தச் செடியைப் பிழைக்க வைத்தாக வேண்டிய நிலை.

கொடுத்த டி.ஏ.பி. பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, நாங்கள் முதலில் செய்தது வெறுமனே பார்த்தது. செடியின் மொழியில் எழுவாய் இலையின் வயது என்பதை அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டோம். மஞ்சளா பச்சையா என்பது இரண்டாவது கேள்வி. எந்த இலை, கிழதா இளசா என்பது முதல் கேள்வி. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்ற பழமொழி நமக்குத் தெரியும். தாவர மருத்துவம் முழுவதையும் அந்தப் பழமொழியிலிருந்தே தொடங்கலாம். சில சத்துக்களைச் செடியால் இடம்மாற்றிக்கொள்ள முடியும். தழைச்சத்து என்னும் நைட்ரஜன் குறையும்போது அது தன் மூத்த இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அவற்றில் இருப்பதை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. எனவே கீழிலைகள் முழுவதுமாக மஞ்சளாகி உதிர, நுனி பசுமையாக இருக்கும். மக்னீசியமும் சாம்பல் சத்தும் இப்படித்தான் மேலேறுகின்றன. இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச்சத்து ஆகியவை அப்படியல்ல. ஓர் இலைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் மூத்த இலைகள் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்க, குருத்து வெளிறிப் பிறக்கும். முதல் வகையில் சிரிப்பது குருத்தோலை. இரண்டாம் வகையில் பழுத்த ஓலையின் முறை.

இந்த ஒரு பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் இருந்த மற்றத் தொட்டிகளையும் சுற்றிவந்தோம். எலுமிச்சையில் கீழிலைகள் மஞ்சள்; ஆனால் முழுவதும் அல்ல. ஓரங்கள் மஞ்சளாகி, காம்பை ஒட்டி மட்டும் கவிழ்த்துப்போட்ட 'வி' வடிவத்தில் பச்சை மிச்சமிருந்தது. அது மக்னீசியக் குறைவுக்கு எலுமிச்சை இனத்தின் கையெழுத்து. எப்சம் உப்பு சொன்னவர் செடியை மாற்றிச் சொல்லியிருந்தார், மருந்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். செம்பருத்தியில் இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல வெளிர்புள்ளிகள். இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால் தாளில் விழுந்த தூசியில் சில துணுக்குகள் நடந்துபோயின. செஞ்சிலந்திப்பேன். கோடையின் வறண்ட காற்றில் பெருகுவது; இலையின் அடிப்புறத்தில் விடாமல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். மல்லிகைக்கு ஒன்றுமில்லை, இலைகளுக்கு வயதாகியிருந்தது.

கறிவேப்பிலையில் கதை தெளிவாகவே இருந்தது. கீழீர்க்குகள் பழைய பச்சை. மேலே போகப்போக வெளிறல். நுனித் தளிரில் இலைப்பரப்பு எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள், அதன் நடுவே நரம்புகள் மட்டும் பச்சை நூலால் தைத்ததுபோல. தளிரில் தொடங்குவது, நரம்பைவிட்டு இடைவெளி வெளுப்பது, இலையின் அளவு சிறுக்காமல் இருப்பது (சிறுத்துக் குறுகினால் துத்தநாகம்) என மூன்றும் சேர்ந்தால் அது இரும்பு. பயிரியல் தமிழில் இதற்குப் பச்சையச்சோகை என்று பெயர். மனிதருக்கு இரும்பு குறைந்தால் வரும் வெளிறலையும் சோகை என்கிறோம். இது வெறும் உவமை அன்று. பச்சையத்தின் மூலக்கூறும் குருதிச் சிவப்பின் மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வளையத்தைக் கொண்டவை. குருதியில் அந்த வளையத்தின் நடுவில் இரும்பு இருக்கிறது, பச்சையத்தில் மக்னீசியம். பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டாட்டருக்கு 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பச்சையத்துக்குள் இரும்பு இல்லை என்றாலும், இரும்பு இல்லாமல் செடியால் பச்சையத்தைச் செய்ய முடியாது. கட்டடத்தில் கொத்தனார் இருப்பதில்லை, ஆயினும் அவரில்லாமல் கட்டடம் இல்லை.

இங்கேதான் எங்களுக்கு ஒரு முட்டுக்கட்டை. தொட்டியில் இருந்தது செம்மண் கலந்த மண். செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால். துருவின் நிறம் அது. சிவக்கச் சிவக்க இரும்பு நிறைந்த மண்ணில் வேரூன்றி நின்றுகொண்டு ஒரு செடி இரும்புக்கு எப்படி ஏங்கும்? ஆணி புதைக்கச் சொன்னவரின் ஆலோசனை விழுந்ததும் இந்த இடத்தில்தான். இருக்கும் துருவையே எடுத்துக்கொள்ள முடியாத செடிக்கு மேலும் துருவைக் கொடுத்து என்ன பயன்?

விடை தொட்டியின் விளிம்பில் இருந்தது. முன்பு அந்த மாடியில் குடியிருந்தவர் விட்டுச்சென்ற சிமெண்ட் தொட்டி அது. விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படலம். அதைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாறு விட்டோம். சுறுசுறுவென்று பொங்கிற்று. உப்பு பொங்காது; சுண்ணம்தான் பொங்கும். அடுத்து, மருந்துக் கடையில் வாங்கிய வாலைவடிநீரில் தொட்டி மண்ணைக் கலக்கித் தெளியவிட்டு, நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தோம். அமில கார அளவில் ஏழு என்பது நடுநிலை. தாள் எட்டைத் தாண்டியது.

கடினநீரில் கரைந்திருப்பது பைகார்பனேட். அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால், நீர் ஆவியாகிப்போக, சுண்ணம் மண்ணிலேயே தங்கி மண்ணைக் காரமாக்குகிறது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மழை வந்து கழுவிவிடும், வேரும் எட்டப் போய்த் தேடும். தொட்டிக்கு அந்த வழியில்லை. சிமெண்ட் வேறு தன் பங்குக்குச் சுண்ணத்தைக் கசியவிடும். கார மண்ணில் இரும்பு கரைவதில்லை. அளவுகோலில் ஒரு படி ஏறினால் கரையக்கூடிய இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது வேதியியல் கணக்கு. வேர் சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, துருவாக உறைந்துகிடக்கும் இரும்பைக் கரைத்து உறிஞ்சப் பார்க்கும். ஆனால் அது கசியவிடும் அமிலத்தை எல்லாம் பைகார்பனேட் உடனுக்குடன் தின்றுவிடுகிறது. எங்கள் செடி அத்தனை நாளும் அந்தப் போரில்தான் இருந்திருக்கிறது. யாருடைய பிரிவுக்காகவும் அது வாடிக்கொண்டிருக்கவில்லை. இதை அம்மாவிடம் அப்படியே சொல்ல முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தோம். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது நல்லது என்று தோன்றியது.

1840களில் பிரான்ஸ் நாட்டில் கிரி என்பவர் ஒரு எளிய காரியம் செய்தார். வெளிறிய இலைகளின்மேல் இரும்பு உப்பின் கரைசலைப் பூசினார். பூசிய இடத்தில் பச்சை திரும்பியது. தாவரத்துக்கு இரும்பு தேவை என்பதற்கு முதல் சாட்சியங்களில் ஒன்று அது. அந்த இரும்பு உப்பு வேறொன்றுமில்லை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்கும் அன்னபேதிதான். நம் வேளாண் அலுவலர்களும் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் இலை வெளுத்தால் அன்னபேதியைத்தான் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார்கள்.

மயிலாப்பூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேட்டபோது கடைக்காரர், "செந்தூரம் போடவா, சும்மாவா?" என்று கேட்டார். செடிக்கு என்றதும் முகத்தில் லேசான ஏமாற்றம். ஆனால் நல்ல பச்சைக் கற்களாகப் பொறுக்கிக் கொடுத்தார். பழுப்பு மாவு படிந்த கற்கள் காற்றுப்பட்டுக் கெட்டவை, இரும்பு அதில் மறுபடி துருப்பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"அன்னபேதியா? அது எதுக்கு?"

"கறிவேப்பிலைக்கு, அத்தை. சோகை வந்திருக்கு அதுக்கு."

அம்மா ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். முதல் பிரசவத்துக்குப் பிறகு நாலு மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். உள்ளங்கையும் நகமும் காகிதமாக வெளுத்துப்போயிருந்தனவாம். திருவிடைமருதூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவர் அன்னபேதி செந்தூரத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தாராம். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதுவரை எங்களுக்கு மூத்தவர் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. அவர் அதை ஒரு மருந்தின் கதையாகவே சொல்லி முடித்தார். நாங்களும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "எத்தன நாள்ல தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பத்து நாள் என்றோம்.

ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி, கரைசல் பழுத்துவிடாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்த பிறகு, தளிர் இலைகள் ஐந்தில் நடுநரம்புக்கு வலப்புறம் மட்டும் பஞ்சால் தடவிவிட்டோம்; இடப்புறத்தைத் தொடவில்லை. அம்மாவும் அன்று மாடிக்கு வந்திருந்தார். மூன்றாம் நாளிலிருந்து காலையில் மறுபடி மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார். எட்டாம் நாள் எங்களை அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். தடவிய பாதியில் நரம்பிலிருந்து பச்சை கசிந்து பரவியிருந்தது, தடவாத பாதி அப்படியே மஞ்சள். ஐந்தில் நான்கு இலைகளில் அப்படி. ஐந்தாவதில் கரைசல் தேங்கிய இடம் கருகிவிட்டது. அது எப்போதும் நேரக்கூடியதுதான்.

இலையில் தடவுவது நோயை அறிவதற்கு உதவும், நோயைத் தீர்க்காது. இரும்பு அந்த இலையைவிட்டு நகராது என்றோமல்லவா. அடுத்த தளிர் மறுபடி வெளிறித்தான் பிறக்கும். மண்ணில் அன்னபேதியைக் கொட்டினாலும் கார மண் அதைச் சில நாட்களில் துருவாக்கிவிடும். அதற்கென்று செலேட் செய்த இரும்பு இருக்கிறது. இரும்பை ஒரு கரிம மூலக்கூறு நண்டுக்கொடுக்குப்போலக் கவ்விப்பிடித்து, சுண்ணத்தின் கைக்கு எட்டாமல் வேர்வரை கொண்டுபோகும். இதில் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. வகை, இலையில் தெளிக்க நல்லது, கார மண்ணில் பிடி தளர்ந்துவிடும். எட்டைத் தாண்டிய மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. என்ற அடர்சிவப்புத் தூள்தான் தாங்கும். விலை அதிகம், ஆனால் ஒரு தொட்டிக்குச் சிட்டிகை அளவுதான் தேவை. அதைத் தேடிப் பிடித்து வாங்கினோம். செடியைச் சிமெண்ட் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றிய தாய்மண்ணைக் கலைக்காமல், வெளிமண்ணை மட்டும் உதிர்த்துவிட்டு, புது மண்ணும் மக்கிய எருவும் கலந்து பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினோம். தாய்மண் என்று நாங்கள் சொன்னது ஒரு தேங்காய் அளவு வண்டல் உருண்டை. அம்மா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.

புளித்த மோர் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்களில் பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம், அம்மாவும் ஊரில் ஊற்றியவர்தான். அதில் அர்த்தம் இருக்கிறது. மோரின் புளிப்பு கொஞ்சம் காரத்தை முறிக்கும். ஆனால் ஒரு டம்ளர் மோர் முறிக்கிற காரத்தை அடுத்த இரண்டு வாளிக் கடினநீர் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஊரில் அந்த மரம் செழித்ததற்குக் காவிரி வண்டலும் இனிப்பான கிணற்றுத் தண்ணீரும் போதும்; பெயர் மோருக்குப் போயிற்று என்பது எங்கள் கட்சி. அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒரு டம்ளர் மோர் இன்றும் நடக்கிறது.

நிரந்தரமான மருந்து அக்டோபரில் வானத்திலிருந்து வந்தது. மழைநீரில் சுண்ணம் கிடையாது. காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்திருப்பதால் அது லேசான புளிப்பும்கூட. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003இல் வந்தது. எங்கள் அடுக்ககத்திலும் குழாய் இருந்தது, குழாயின் முடிவில் குப்பை இருந்தது. அதைச் சீராக்கி, ஒரு கிளையை இரண்டு நீலப் பீப்பாய்களுக்குத் திருப்பிக்கொண்டோம். அந்த வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நன்றாக நனைந்து, அடியிலிருந்து வழிந்து, மறுபடி நனைந்தது. கார்த்திகையில் வந்த தளிர்கள் செம்மையோடு பிறந்து, சில நாளில் பச்சைக்குத் திரும்பின. அவற்றின்மேல் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுவிட்டுப் போனது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வில்வமும் ஒரே குடும்பம் என்பது தாவரவியலார் சொல்வதற்கு முன்பே அந்தப் பூச்சிக்குத் தெரியும். பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருந்த புழுக்களை அம்மா ஈர்க்குச்சியால் எடுத்து எலுமிச்சைத் தொட்டிக்கு மாற்றிவிட்டார். எலுமிச்சையின் வழக்கை யாரும் விசாரிக்கவில்லை.

குடும்பம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகீ' என்பது கோனிக் என்ற மருத்துவரைக் குறிக்கிறது. லின்னேயஸின் மாணவர்; பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களோடு இருந்து இப்பகுதித் தாவரங்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். தரங்கம்பாடி அம்மாவின் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். இதைச் சொன்னபோது அம்மா, "நம்ம கொல்லையிலேருந்து எடுத்துட்டுப் போயிருப்பானோ?" என்றார். காலக்கணக்கு சொல்லி மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

செடி இப்போது ஆளுயரத்துக்கு மேல். பீப்பாய்த் தண்ணீர் சித்திரையோடு தீர்ந்துவிடும். வைகாசியில் தளிர் லேசாக வெளிறும். சிவப்புத் தூளைச் சிட்டிகை கரைத்து ஊற்றுவோம். அடுத்த மழைவரை அது தாங்கும். போன மாதம் தொட்டியின் ஓரத்தில் வேரிலிருந்து ஒரு பக்கக்கன்று முளைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் அது தனக்கு என்று தொலைபேசியிலேயே முன்பதிவு செய்துவிட்டார். அவர் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர், கவலையில்லை. அம்மாவுக்குப் படியேறுவது இப்போது முடிவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஈர்க்கை ஒடித்துக் கொண்டுவந்து அவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நுனியிலிருந்து அடிவரை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தாளிக்கக் கொடுப்பார். கன்றைப் பிரிக்க ஆடி மழை ஒன்று விழட்டும் என்றிருக்கிறார். வாளி எது என்பதையும் சொல்லிவிட்டார்: அந்தப் பழைய பெயிண்ட் வாளியைக் கழுவி வைக்கச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.